நின்றபடியே கேட்ட கேள்வி

கேள்வி எண் 214-ஐக் கேட்பதற்காக அவையில் எழுந்து நின்ற எதிர்க்கட்சி உறுப்பினர், அதன்பிறகு பதினேழு ஆண்டு நான்கு மாதம் உட்காரவில்லை. அவர் உட்கார மறுத்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அது தவறு. பதில் கிடைத்ததும் உட்காருவதுதான் அவையின் வழக்கம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அமைச்சர் எழுந்து “பரிசீலனையில் இருக்கிறது” என்றார். உறுப்பினர் உட்காரப் போனார், முழங்கால்கள் மடங்கவில்லை. அவைத்தலைவர் அமரச் சொன்னார், திரும்பவும் சொன்னார், பிறகு அதட்டினார். எல்லாம் அவைக்குறிப்பில் அச்சாகியிருக்கிறது. சாப்பாட்டு இடைவேளைக்கு மற்றவர்கள் கலைந்துபோன பிறகும் அவர் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் நெட்டுக்குத்தார் என்ற பெயர் விழுந்துவிட்டது, பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி.

கேள்வி மூன்று பிரிவாக இருந்தது. (அ) பயிர் நாசமானால் நிவாரணம் கேட்கும் படிவம் தலைநகரத்து மொழியில் மட்டும் இருப்பது உண்மையா? (ஆ) சர்க்கரை ஆலை வேலைக்கான தேர்வும் அந்த ஒரு மொழியில்தான் நடக்கிறதா? (இ) ஆம் எனில், மக்கள் பேசும் மொழிக்கு இவை எப்போது மாற்றப்படும்? இதில் கற்பனை எதுவும் இல்லை. அவருடைய மனைவியின் தம்பி, ஆலங்கட்டி மழையில் கிழங்கெல்லாம் அழுகிப்போன வருஷம், புரியாத அந்தப் படிவத்தில் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அதில் ஒன்று, இனி இந்த நிலத்தில் பயிர்செய்ய விருப்பமில்லை என்று சொல்லும் கட்டம். மறுமாதமே வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். அவன் மகள் ஆலையின் மோட்டாரைச் சத்தத்தை வைத்தே பழுது பார்க்கத் தெரிந்தவள், மூன்று தடவை எழுத்துத் தேர்வில் தோற்றாள். இப்போது யாரோ ஒருவருடைய கடையில் சட்டைகளை மடித்து அடுக்குகிறாள்.

முதல் வருஷம் கஷ்டமாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டார். விறைத்த காலோடு நடப்பார், பேருந்தில் நின்றே போவார், சுவரில் சாய்த்த பலகையில் இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு தூங்குவார். முடிவெட்டுகிறவர் முக்காலி மேல் ஏறி வெட்டினார். கழிவறை விஷயத்தை நாம் கிளற வேண்டாம். சாப்பாடுதான் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் நிற்க ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை என்று அவளும் தட்டைக் கையில் ஏந்தி நின்றே சாப்பிட்டாள். ஏழெட்டு வருஷத்தில் அவள் முழங்கால் தேய்ந்துபோனது. டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

அவை கலையும்போது கேள்வியும் காலாவதியாகும். தான் வென்றுவந்த ஒவ்வொரு புதிய அவையிலும் அவர் அதே மூன்று பிரிவைச் சொல் மாறாமல் எழுதிக் கொடுத்தார். ஒரு தேர்தலில் தோற்றார், அந்த ஐந்து வருஷமும் பார்வையாளர் மாடத்தில் நின்றார். அரசு நான்கு முறை மாறியது, பரிசீலனை மாறவில்லை. குழு அமைப்போம் என்று ஓர் அமைச்சர் அறிவித்த அன்று முழங்கால் விரற்கடை அளவு மடங்கியது. நிருபர்கள் அளவுகோலோடு ஓடிவந்தார்கள். குழுவின் காலத்தை நீட்டித்ததும் கால் பழையபடி நேரானது. அதன்பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. அவருடைய நாற்காலியைக் கூட வேறு அறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

உட்கார ஒரு வழி இருந்தது. கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். கூட்டணிப் பேச்சு நடந்த சமயம் கட்சித் தலைவரே வீட்டுக்கு வந்து, “ஒரு வரிதானேண்ணே, எழுதிக் குடுத்துட்டு உக்காருங்க. உங்களப் பாத்தா அவங்களுக்குச் சங்கடமா இருக்காம்” என்றார். கால் இரண்டும் வீங்கி, நரம்பு சுருண்டு, செருப்பு நுழையாமல் இருந்த நேரம் அது. உட்கார வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாமல் இல்லை, கனவில் கூட நாற்காலிதான் வந்தது. மனைவியிடம் கேட்டார். “எழுதிக் குடுங்க, நான் வேணாங்கல. என் தம்பிகிட்ட மட்டும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க” என்றாள். அவர் எழுதவில்லை.

கடைசியில் பதில் சொன்னவர் ஐந்தாவது விவசாய அமைச்சர். இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், இனித் தேர்தலில் நிற்பதில்லை என்று முடிவெடுத்தவர். அதிகாரிகள் கொடுத்த கோப்பைத் திறந்தார், எதிரே நிற்பவரைப் பார்த்தார், மூடி வைத்தார்.

“(அ) ஆமாம். (ஆ) ஆமாம். (இ) மாத்தப் போறதில்லைங்க. எந்த அரசுக்கும் அந்த எண்ணமே இருந்ததில்ல. உங்கள இன்னும் நிக்க வைக்க எனக்குத் தெம்பில்ல.”

நெட்டுக்குத்தாரின் முழங்கால்கள் மடங்கின. பின்னால் நாற்காலி இல்லாததால் தரை விரிப்பில் உட்கார்ந்தார். இரண்டு பக்கத்தவரும் கைதட்டினார்கள். அவர் அழுதார். முதலில் சுகத்தில் அழுதார், கொஞ்ச நேரம் கழித்து, தன் கால்கள் ‘இல்லை’ என்பதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்ட வெட்கத்தில் அழுதார். கேள்விப் பிரிவு எழுத்தர் தண்ணீர் கொண்டுவந்து அருகில் குனிந்தார். “ஐயா, எல்லாரும் கடைசில ‘இல்லையெனில், ஏன்?’னு ஒரு பிரிவு சேப்பாங்க. நீங்க சேக்கவே இல்ல. மாத்த மாட்டேன்னு சொல்லுவாங்கன்னே நீங்க நினைக்கல போல” என்றார். உண்மைதான். முதல் முறை எழுதும்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது, எப்போது என்று மட்டும்தான் கேட்கத் தோன்றியது. பிறகு பழைய தாளைப் பார்த்தே எழுதிவந்தார்.

வீட்டுக்கு உட்கார்ந்தே காரில் வந்தார். மைத்துனன் வாசலில் காத்திருந்தான்.

“பதில் வந்துருச்சா மாமா?”

“வந்துருச்சுப்பா. முடியாதாம்.”

அவன் தலையாட்டினான். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மனைவி சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். அவர் உட்கார்ந்து, நீயும் உட்கார் என்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு முயன்றாள், இடுப்பைத் தாழ்த்தினாள். தேய்ந்த அந்த முழங்கால்கள் இரண்டும் கம்பியாக நின்றன. வாசலில் தம்பியும் அப்படியே நின்றிருந்தான். அவன் மகள் வேலை பார்க்கும் கடையிலிருந்து, அவளால் பேருந்தில் உட்கார முடியவில்லை என்று செய்தி வந்தது. வார முடிவுக்குள் தொகுதியில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்தில் பெஞ்சுகளைக் கழற்றி ஒதுக்கினார்கள், முடிவெட்டுகிறவர் இன்னும் நாலு முக்காலி வாங்கினார். வேறொன்றும் பெரிதாக நடக்கவில்லை.

அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதியில் மனைவி போட்டியிட்டு வென்றாள். அவருக்கு எழுத்து வேலை வந்து சேர்ந்தது. நின்றுகொண்டு எழுத அவளுக்கு வசப்படவில்லை, உட்கார முடிந்த ஒருவர் வீட்டில் இருப்பது வசதிதான். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிரிவாகச் சொன்னாள். (அ), (ஆ), (இ) மூன்றையும் அவர் மனப்பாடமாக எழுதினார். பிறகு (ஈ) என்று போட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“கேளுங்க” என்றாள்.

‘இல்லையெனில், ஏன்?’ என்று எழுதி, கேட்பவர் என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டார்.