நாங்கள் போறம்

சோற்றைப் பிசைந்துகொண்டே பிருந்தன் சொன்னான்.

"மார்ச்சோடை நாங்கள் போறம். கொம்பனி ரெண்டு இடம் தந்திருக்கு. டோர்ட்முண்ட், இல்லாட்டி டாலஸ். இந்த மாசக் கடைசிக்குள்ளை மறுமொழி சொல்லவேணும்."

குணவதி தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய் வைத்தாள். முதலில் அகதியாக நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்தவள் அவள்தான். பிறகுதான் அவனைக் கூப்பிட்டாள். மணம் முடிக்கவில்லை. த்ரீ கிங்ஸில் இதே வாடகை வீட்டில் பதினெட்டு வருடம். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு நாடா என்று ஒருமுறை யோசித்தாள். பிறகு, போகலாம் என்று பட்டது.

"எது நல்லம் எண்டு நீங்களும் விசாரியுங்கோ மச்சாள்," என்றாள் பிருந்தனின் மனைவி நிலானி. "உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆக்கள் இருக்கினம்."

ஜேர்மனியில், டோர்ட்முண்டில் சித்தியின் மகள் தனுஷா இருந்தாள். குணவதி முதலில் அவளுக்குப் போன் எடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்காது அக்கா. சுவரிலை ஆணி அடிக்கேலாது. மேல்வீட்டுக் கிழவி பொலிசைக் கூப்பிடும். மீன் பொரிச்சால் கடிதம் எழுதிக் கதவுக்குக் கீழாலை போடும்."

"பேந்து எப்பிடி இருக்கிறியள்?"

"சனம் இருக்குதே. எங்கடை படிக்கட்டிலையே மூண்டு தமிழ்க் குடும்பம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை கோயில். எல்லாத்துக்கும் ரெயினிலை போகலாம். ஆரும் செத்தால் பின்னேரத்துக்குள்ளை வீடு நிரம்பியிடும். ஆற்றை பிள்ளை ஆரோடை திரியுது எண்டதும் பின்னேரத்துக்குள்ளை தெரிஞ்சிடும்."

அமெரிக்காவில், டாலஸில் மாமாவின் மகன் யசீகரன். அவன் எப்போதும் கார் ஓட்டிக்கொண்டுதான் கதைப்பான்.

"வீடு பெரிசு மச்சாள். அஞ்சு அறை. பக்கத்து வீட்டுக்காரன்ரை பேர் இன்னும் தெரியாது. அவன் கையை ஆட்டுவான், நானும் ஆட்டுவன்."

"எங்கடை ஆக்கள்?"

"இருக்கினம், நாப்பது மைல் தள்ளி. போன வருசம் எனக்கு ஒப்பரேசன் நடக்கேக்கை லிஸ்ட் போட்டு ஆள்மாறி ஆள் சாப்பாடு கொண்டுவந்தினம். பதினைஞ்சு நாள். வாசலிலை வைச்சு மணியடிச்சுப்போட்டுப் போயிடுவினம். ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்லை."

"ஏன்?"

"கரைச்சல் தரக்கூடாதாம்."

"கடைக்கு நடந்து போகலாமோ?"

யசீகரன் சிரித்தான். "நடந்தால், நாயைத் துலைச்சிட்டியளோ எண்டு காரை நிப்பாட்டிக் கேப்பினம்."

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அவள் ஜேர்மனிக்காகவே வாதாடினாள். கார் ஓடத் தெரியாதவளும் அங்கே தனியாக வெளிக்கிடலாம். கடிதம் போடுகிற கிழவியென்றாலும் மேலே ஒரு ஆள் இருக்கிறது. பிருந்தன் தட்டைப் பார்த்தபடி "ம்" என்றான். காலையில் மனுகாவுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவள் போனைப் பார்த்து ஜேர்மனில் எண்ணப் பழகினாள். இரண்டு வாரத்தில் இருபதுவரை வந்துவிட்டது.

மனுகாவில் ஒரு கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்யும் எலிசபெத் மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப்பெண். குணவதி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தம்பி என்ன சொன்னார், சரியா சொல்லுங்க," என்றாள் எலிசபெத். "நாம போறோம்னாரா, நாங்க போறோம்னாரா?"

"நாங்கள் போறம் எண்டான்."

எலிசபெத் கோப்பை துடைப்பதை நிறுத்தினாள். "அப்ப அவங்க ரெண்டு பேரும்தான் லா. உங்களைச் சேர்த்தா நாமன்னுல்ல சொல்லணும்."

"எங்களுக்கு அப்பிடி இல்லை. நாங்கள் எண்டால் எல்லாரும்தான். நாம் எண்டு மேடையிலைதான் சொல்லுவினம்."

"அப்ப யாரு உள்ள, யாரு வெளியன்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றாள் குணவதி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். 'நாங்கள் படத்துக்குப் போறம்' என்று பிருந்தன் சொன்னால் அவள் போய்க் கைப்பையை எடுப்பாள். ஒருநாளும் கேட்டதில்லை. சில நாள் அவள் பின் இருக்கையில் ஏறிய பிறகு முன்னால் இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்.

"தம்பி, நாம் எப்ப போறம்?"

பிருந்தனுக்குச் சிரிப்பு வந்தது. "என்னக்கா, பட்டிமன்றமோ?"

"நீயும் ஒருக்கா அப்பிடிச் சொல்லு பாப்பம். நாம் போறம் எண்டு."

அவன் சிரிப்பு நின்றது. நிலானி குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"மச்சாள், சகோதரத்தை விசாவிலை சேர்க்கேலாது. ரெண்டு நாட்டிலையும் ஏலாது. உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சம்."

"முதலே தெளிவாச் சொல்லியிருக்கவேணும்," என்றான் பிருந்தன். "நீங்கள் ஜேர்மனி ஜேர்மனி எண்டு கதைக்க எனக்கு வாய் வரேல்லை."

குணவதி விரலில் ஒட்டிய சோற்றைத் தட்டின் ஓரத்தில் வழித்தாள்.

"அப்ப டாலஸுக்குப் போங்கோ. பெரிய வீடா எடுக்கலாம். நீங்கள் ரெண்டு பேரும் கார் ஓடுவியள்."

"அக்கா."

"கோவத்திலை சொல்லேல்லையடா. ஜேர்மனி நல்லம் எண்டது எனக்கு."

பிறகு நிலானி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கிளென்ஃபீல்டிலை, பாலத்துக்கு அங்காலை, என்னோடை வேலை செய்யிற பிரணவி வீட்டிலை ஒரு அறை இருக்காம். நல்ல சனம். நாங்கள் கதைச்சும் வைச்சிருக்கிறம்."

"அங்கையிருந்து மனுகாவுக்கு எத்தினை பஸ்?"

நிலானி பிருந்தனைப் பார்த்தாள். அவன் இடக்கையால் போனை எடுத்துத் தேடத் தொடங்கினான்.