ஆறு பத்துக்கு ஊதிய சங்கு

முதல் சங்கு ஊதியபோது மணி ஆறு பத்து. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் அதில் சந்தேகமே கிடையாது.

எங்கள் ஊரில் மாலைச் சங்கு ஆறரைக்குத்தான். ஊதிவிட்டால் ‘சா’, அதாவது ஊரடங்கும் ஜெப நேரம். வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டாவது சங்குக்கு ஜெபம் ஆரம்பம். மூன்றாவது சங்குக்கு முடிவு. அதுவரை ரோட்டில் ஒருத்தரும் நடமாடக்கூடாது. பஸ் வந்தாலும் நிறுத்துவோம். நிறுத்துகிறவர்களில் நானும் ஒருவன். ஒரே நீலத்தில் இடுப்பில் லாவலாவாத் துண்டு கட்டிக்கொண்டு, ரோட்டோரம் வரிசையாக எட்டுப் பேர் நிற்போம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆக்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அங்கேதான் அது போய்விட்டது. செத்தால் அத்தோடு சரி, மேலே ஒன்றும் இல்லை. ஊருக்குத் திரும்பி, ஒரு கல்யாண வீட்டில் இதைச் சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன். ஊர்ச்சபை கூடியது. என் அண்ணன் பிலேமோனா தன் பெரிய பன்றியை அபராதமாகக் கொடுத்து என்னைக் காப்பாற்றினான்.

“இன்னொரு புகார் வந்தா குடும்பத்தோட ஊரைவிட்டு வெளியே” என்றார்கள். திருந்தட்டும் என்று சா காவலிலும் நிறுத்தினார்கள்.

அதனால் நான் மற்றவர்களைவிடக் கறாராக நின்றேன். நம்பாதவன் வேறு எப்படி நிற்பது?

அன்று காலை அண்ணன் என் வீட்டுக்கு வந்து, சுவரில் தொங்கிய அப்பாவின் சங்கைக் கழற்றினான். அப்பா போய் இருபது வருஷமாக யாரும் அதை ஊதியதில்லை.

“பெனி, போன் செத்துப்போச்சுடா. இதை எடுத்துட்டுப் போறேன். சுறா வந்தா உனக்குத்தான் முதல்ல ஊதுவேன்.”

“ஊது, ஊது. நான் வந்து சுறாவுக்கு உப்பு தடவறேன்.”

சிரித்துக்கொண்டே ஓடத்தைத் தள்ளினான். ஒற்றை ஆள் ஓடம். பவளப்பாருக்கு வெளியே போய்விட்டு மாலை ஐந்துக்குத் திரும்புவது வழக்கம்.

ஆறு பத்துக்குச் சங்கு ஊதியதும் ஊரே உள்ளே போனது. கோயில் சங்கை ஊதுகிற மூப்பர் இயோசுவாவுக்கு இன்று என்ன அவசரம் என்று காவலில் என் பக்கத்தில் நின்ற லோமே முணுமுணுத்தான். அப்போதுதான் அண்ணி சினிவா கடற்கரைப் பக்கம் ஓடிவந்தாள்.

“பெனி, வழி விடு! உங்க அண்ணன் இன்னும் வரல. சத்தம் கடல்ல இருந்து வருது!”

“காத்து திருப்பிப் போடுது அண்ணி. உள்ளே போங்க.”

“காத்தா? எனக்குக் காது இல்லையா?”

“சா நேரம். உள்ளே போங்க.”

“ஆமென்கூடச் சொல்லாத பயல் நீ! நீ எனக்குச் சா சொல்லித் தர்றியா?”

இரண்டாவது சங்கு ஊதியது. இந்த முறை நன்றாகக் கேட்டது. முடிகிற இடத்தில் இருமல் மாதிரி ஒரு இழுப்பு. அப்பாவின் சங்குக்கு உதட்டில் விரிசல் உண்டு.

எனக்குத் தெரிந்ததா என்று கேட்பீர்கள். தெரிந்தது. ஒரு விநாடி, முழுசாகத் தெரிந்தது. அடுத்த விநாடி எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சபைத் தலைவர் என்னையே பார்ப்பதைப் பார்த்தேன். அண்ணியின் தோளைப் பிடித்துத் திருப்பி, வீட்டுக்குள் தள்ளினேன்.

எல்லா வீட்டிலும் பாட்டு எழும்பியது. அழகாகத்தான் பாடுவார்கள் எங்கள் ஊரில். ஆறு இருபத்தைந்துக்கு மூன்றாவது சங்கு. ஜெபம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

ஆறரைக்கு மூப்பர் இயோசுவா சேம்புத் தோட்டத்திலிருந்து மூச்சிரைக்க வந்தார்.

“எவன்டா ஊதினது? கோயில் சங்கு பெட்டிக்குள்ளதானே இருக்கு! சாவி இதோ, என் கழுத்துல!”

அண்ணி அலறிக்கொண்டு கடலுக்கு ஓடினாள். இரண்டு படகுகள் போயின. இருட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை.

விடிந்ததும் நான்தான் கண்டுபிடித்தேன். பவளப்பாரில் ஓடங்கள் வெளியே போகிற வாய் இருக்கிறது. அதன் ஓரத்தில், கரையிலிருந்து படகில் ஐந்து நிமிஷத் தூரத்தில், பாறையில் செருகிக் கிடந்தான். ஓடம் கவிழாமல் தாங்குகிற பக்கக்கட்டை ஒடிந்திருந்தது. வலது மணிக்கட்டில் கயிறு. கயிற்றில் சங்கு.

மற்றவர்கள் வருவதற்குள் கயிற்றை அறுத்தேன். சங்கைச் சட்டைக்குள் போட்டேன். வீட்டில் ஆணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன்.

ஆக, யார் ஊதியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் என்ன முளைக்குமோ அது முளைத்தது. அடக்கத்தன்று போதகர் கண்ணீரோடு சொன்னார்: “நம் கையில் சங்கு இல்லை. ஆனாலும் ஊதிற்று. பிலேமோனாவை அழைத்துப்போகப் பரலோகமே ஊதிற்று. நாம் ஜெபத்தில் இருந்தபோது அவன் உள்ளே போனான். எவனுக்குக் கிடைக்கும் இந்தச் சாவு?”

சனம் தேம்பியது. எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே குழி வெட்டி, சிமெண்ட் பூசி, பாய்களை அடுக்கினோம். நான் கரண்டியால் சிமெண்ட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று நாளாகச் சாப்பிடாத முகம்.

“போதகர் சொன்னது நெசமா?”

“என்கிட்ட ஏன் கேக்கறீங்க?”

“மத்தவங்க எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாங்க. நீ ஒருத்தன்தான் எதையும் நம்பாதவன். உன் வாயால சொல்லு. அது மேல இருந்து வந்ததுன்னா நான் உயிரோட இருப்பேன். அவர் ஊதினதுன்னா...” அவள் முடிக்கவில்லை. “அவர் ஊதி, நான் உள்ளே உக்காந்து பாடியிருந்தேன்னா?”

கரண்டி என் கையில் நின்றது. அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒருநாளும் முழுசாக நம்ப முடியவில்லை.

“மேல இருந்துதான் அண்ணி. எனக்கே புல்லரிச்சுது.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நீ என்னைத் தடுத்தது சரிதான். அன்னிக்குத் திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காத தம்பி.”

மன்னிப்பு கேட்டாள். என்னிடம்!

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

அண்ணி தேறினாள். சாப்பிட்டாள். தினமும் மாலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போய், தென்னையடியில் உட்கார்ந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“காத்திருக்கேன்” என்றாள் சாதாரணமாக. “அவரைக் கூப்பிட்ட மாதிரி என்னையும் கூப்பிடுமில்ல?”

அடுத்த வாரம் நல்ல பாய்களைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு சமையல் பாத்திரங்கள். அதற்கப்புறம் கல்யாண மோதிரம். எதற்கென்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை. ஆறரைக்குக் கோயில் சங்கு ஊதியது. ஊர் உள்ளே போனது. இரண்டாவது சங்குக்குப் பாட்டு எழும்பியதும் கடலைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் உடுப்பு, தலையில் வெள்ளைத் தொப்பி. இடுப்பளவு தண்ணீரில் அண்ணி பார்வாயை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணி!”

திரும்பினாள். “காத்திருந்தது போதும் தம்பி. நானே போய்ப் பாத்துக்கறேன். அங்கே இருக்கார்னு நீதானே சொன்னே?”

“பொய் சொன்னேன் அண்ணி! வாங்க!”

“இப்ப சொல்றதுதான் பொய். என்னைத் திருப்பறதுக்குச் சொல்றே.”

மறுபடி நடந்தாள். மார்பளவு. நான் நீந்திப் போய்ச் சேருவதற்குள் பார்வாய் இழுத்துவிடும்.

கரையோரம் இருந்த என் வீட்டுக்கு ஓடினேன். “டேய் பெனி, சா நேரம்டா! நில்லுடா, குடியைக் கெடுத்துக்காதே!” என்று லோமே கத்தினான். ஆணிப் பெட்டியை உதைத்துக் கவிழ்த்தேன். கரைக்கு வந்து, மூச்சை முழுசாக இழுத்து, அப்பாவின் சங்கை ஊதினேன்.

அதே சத்தம். அதே இருமல்.

ஊரில் பாட்டு அறுந்தது. எல்லா வீடும் கப்சிப்.

அண்ணி திரும்பினாள். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? சந்தோஷம். அழைப்பு வந்துவிட்டதென்ற சந்தோஷம். சத்தம் வந்த திசையைப் பார்த்து, கைகளை நீட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். நான் ஊதிக்கொண்டே இருந்தேன். பத்தடி தூரத்தில்தான் யார் ஊதுவது என்று பார்த்தாள்.

சந்தோஷம் நின்றுபோனது.

“இது எங்கே கிடைச்சுது?”

“அண்ணன் கையில கட்டியிருந்தது.”

“உனக்குத் தெரியுமா? அன்னிக்கே?”

“ரெண்டாவது சங்குலயே தெரியும்.”

நனைந்த தொப்பி கழுத்தில் தொங்க, மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டாள்.

“மூணாவதையும் அவர்தான் ஊதினார். கால் மணி நேரம்.”

“ஆமா.”

“இப்ப எங்கே இருக்கார்?”

“தெரியாது அண்ணி.”

“தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. அது ஒண்ணுதான் உனக்கு நெசமாத் தெரிஞ்சது.”

சங்கைப் பிடுங்கிக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூன்றாவது சங்கு இன்னும் ஊதவில்லை. அவள் நடு ரோட்டில் ஈரம் சொட்டச் சொட்ட நடந்து போனாள். காவலில் நின்ற மற்ற ஏழு பேரில் ஒருவன்கூடத் தடுக்கவில்லை.

மறுநாள் சபை என்னை மட்டும் ஊரைவிட்டு விலக்கியது. சா நேரத்தில் ஓடியதற்காக.  போதகர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஆப்பியாவில் டயர் கடை ஒன்றில் இருக்கிறேன். மேலே ஒன்றும் இல்லை என்று முன்பு நிம்மதியாகச் சொல்வேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அண்ணன் எங்காவது இருந்து ஒரு தடவை என்னைத் திட்டினால் தேவலை என்று இருக்கிறது.

எங்கள் ஊர் பஸ் டிரைவர் போன மாசம் டயர் மாற்ற வந்தார். சங்கு ஊதினால் இப்போதெல்லாம் ஊரே முதலில் வாசலுக்கு வருகிறதாம். கடலை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஜெபத்துக்கு உள்ளே போகிறார்களாம்.

“உங்க அண்ணி மட்டும் உள்ளே போறதில்லை” என்றார். “கரையிலயே நிக்குது. காவல்காரங்களும் கண்டுக்கறதில்லை.”