முதுகு காட்டாதவர்கள்

கவுஸ் பாஷா பாயின் அச்சகத்திலிருந்து மதிவதனி வெளியே போகும் விதம் அந்தத் தெருவுக்கே வேடிக்கை. பேச்சு முடிந்ததும் கைகூப்புவாள். பாயைப் பார்த்தபடியே அடிமேல் அடியாகப் பின்னால் நகர்ந்து, வாசற்படி தாண்டிய பிறகுதான் திரும்புவாள். முதல் தடவை கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளின்மேல் உட்கார்ந்தே விட்டாள். பாய் ஏன் என்று கேட்கவில்லை. மறுமுறை அவள் வந்தபோது அவருடைய நாற்காலிக்கு மேலே பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்கியது.

"இப்ப பின்னால இருக்கறதெல்லாம் தெரியும்மா. தைரியமா ரிவர்ஸ் எடு."

காரணம் அவள் அச்சுக்குக் கொடுத்த தன் கதையிலேயே இருந்தது. அடி அண்ணாமலைக்கு அப்பால், முள்வேலிக்குள் இருந்த ஒளிக்குடில் என்ற ஆசிரமத்தில் வளர்ந்தவள் அவள். அங்கே குருவான 'அய்யா'வுக்கு முதுகு காட்டக் கூடாது. அவர் படம் இருக்கும் இடத்திலும் அதே சட்டம். சாப்பாட்டுக்கூடத்தில் படம், மாட்டுக்கொட்டகையில்கூடப் படம். பிள்ளைகள் முன்னால் நடக்கப் பழகும்போதே பின்னால் நடக்கவும் பழகிவிடுவார்கள். கூட்டிப்போய்ச் சேர்த்த அம்மா அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். பதினேழு வயதில் ஒரு பௌர்ணமியன்று மதிவதனி வேலியைத் தாண்டி, கிரிவலக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த தம்பி ஆதவனை எழுப்பவில்லை. எழுப்பினால் சத்தமாக அழுவான். பிறகு இரண்டு முறை போய்க் கதவைத் தட்டினாள். அப்படி யாரும் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை குடிலே காலியாகக் கிடந்தது.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தபடி புத்தகத்தை எழுதி முடித்தாள். கடைசிப் பக்கத்தில் அச்சக முகவரியைப் போட்டு, 'ஆதவா, சனிக்கிழமைதோறும் அக்கா இங்கே இருப்பேன்' என்று சேர்த்தாள்.

"ஒரு ஆளைத் தேட இம்மாம் பெரிய நோட்டீஸா?" என்றார் பாய். ஆனால் அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டார்.

சனிக்கிழமைகளில் உள்ளறையில் பாயின் மனைவி ரஹமத்துன்னிசாவுடன் தாள் மடிப்பாள். ஜன்னலில் அண்ணாமலை தெரியும். "மலைக்கு முதுகு காட்டி உக்காரலாமாக்கா?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள்.

"நாங்க தெனம் காட்டிக்கினுதான் கடைக்கு வர்றோம். அது ஒண்ணும் கோவிச்சுக்கல. நீ நல்லா சாஞ்சு உக்காரு."

அன்றிரவே வீட்டில் விளக்கேற்றி மலையை நினைத்துக் கும்பிட்டபோது, முதல் தடவையாக அவளுக்குப் பயமே வரவில்லை.

புத்தகம் வெளியாகி, மழைக்காலமும் வந்தது. அந்தச் சனிக்கிழமை முன்னறையில் யாரோ ஒரு ஆண் தயங்கித் தயங்கிப் பேசுவது கேட்டது.

"இந்தப் புக்கு எழுதினவங்க... வருவாங்களா?"

"வர்றதென்ன, உள்ளதான் இருக்குது. கூப்புடட்டா?"

"இல்லீங்க, வேணாங்க. அப்புறமா வர்றேன்."

மதிவதனிக்கு அந்தக் குரல் தெரியவில்லை. மடித்த தாளை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பாய் கத்தினார்.

"தம்பி, பாத்து! பின்னால கட்டு இருக்குது!"

தொப்பென்று சத்தம்.

அவள் எழுந்து ஓடினாள். பத்திரிகைக் கட்டுகளின்மேல், கூப்பிய கையைப் பிரிக்காமல், மீசை அரும்பிய ஒருவன் உட்கார்ந்திருந்தான். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மதிவதனி, உங்க வூட்டு வண்டி இன்னொண்ணு வந்திருக்குது பாரு!"

ஆதவன் எழுந்திருக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான்.

"எழுப்பியிருக்கலாம்லக்கா."

"எழுப்பியிருக்கணும்டா."

"நான் அழுதிருக்க மாட்டேன்," என்றான். அதைச் சொல்லும்போதே அழுதான். அவள் அவன் பக்கத்தில், அதே கட்டின்மேல் உட்கார்ந்தாள். யாருடைய கல்யாணப் பத்திரிகையோ நசுங்கியது. ரஹமத்துன்னிசா இருவருக்கும் டீயும் பன்னும் கொண்டுவந்து, "அழுவறத அப்புறம் பாத்துக்கலாம், டீ ஆறிடும்," என்றாள்.

சாயங்காலம் மழை விட்டதும் இருவரும் கிளம்பினார்கள். பாயைப் பார்த்துக் கைகூப்பினார்கள். பிறகு பேசி வைத்ததுபோல ஒன்றாகப் பின்னால் நகர்ந்தார்கள். குறுகலான வாசலில் தோளும் தோளும் முட்டிச் சிக்கிக்கொள்ள, இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"திரும்பி நடங்க ரெண்டு பேரும்!" என்றாள் ரஹமத்துன்னிசா.

மதிவதனி நிமிர்ந்து ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளங்கை அளவு வட்டத்தில் இரண்டு முகங்கள். இருவர் முதுகுக்கும் பின்னால், மழையில் கழுவிவிட்டதுபோல், மலை.