முனை மடித்த கம்பி

சாவி போடும் மேசையின் மேல் அந்தச் சாக்குமூட்டை தொம்மென்று வந்து விழுந்தபோது, அவள் ஒரு அலமாரிச் சாவியின் கடைசிப் பல்லை ராவிக்கொண்டிருந்தாள். மேசை ஆடியதில் அரம் வழுக்கிச் சாவி கெட்டுப்போனது. எதிரே நின்றவர் பழைய கொட்டகைகளைக் காலி செய்து கொடுக்கிறவர். யார் வீட்டில் யார் செத்தாலும் பின்வாசலில் அவருடைய வண்டி நிற்கும் என்று ஊரில் கிண்டல் பேசுவார்கள். அவரும் அதற்குச் சேர்ந்து சிரிப்பார்.

"உங்க அண்ணனுக்குத்தான் முதல்ல போன் போட்டேன். எடுக்கவே இல்ல. அதான் நேரா இங்கயே கொண்டாந்துட்டேன். மரம் அறுக்கற மிஷின். ரொம்பப் பழசு, வாயத் திறக்காது."

"அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். படுத்திருக்காரு," என்றாள் அவள், சாக்கைப் பிரிக்காமலே. அவள் வேலை பார்க்கும் அந்த இரும்புச் சாமான் கடைக்கு இப்படி மூட்டை வருவது வழக்கம்தான். ஆணி வாங்க வருகிறவர்கள், பெயின்ட் கலக்க வருகிறவர்கள், எல்லோருக்கும் தெரியும்: மூலையில் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு சாவி செய்கிற அக்காவுக்குப் பழைய சங்கிலி ரம்பம் என்றால் உயிர். மற்ற பெண்கள் புடவையும் நகையும் சேர்ப்பார்கள், இவள் இரும்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்க்கிறாள் என்று முதலாளியே வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையில் இப்போது வண்டி இல்லை. சுவர் முழுக்க ரம்பங்கள் தொங்கின. மஞ்சள் நிறத்தில் ஒன்று, அதன் சத்தம் அப்பாவின் முதல் மிஷினுடைய சத்தமேதான். அந்தச் சத்தம் தூரத்தில் நின்றால்தான் மத்தியானமாகிவிட்டது என்று அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய சாம்பல் நிற ராட்சசன் ஒன்று. அதே ஜாதி மிஷினைத் தனியாகத் தூக்கிக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் முன்னால் வீரம் காட்டிய மாமா, மூன்று நாள் நிமிரவே இல்லை. கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. மாமி அந்தக் கதையைச் சாகும்வரை விடவில்லை. இப்படி ஒவ்வொரு ரம்பத்துக்கும் ஒரு ஆள், ஒரு கதை. அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கயிற்றை இழுத்து ஒரு தரம் உறும விட்டால் அந்த ஆள் வந்து நின்றுவிட்டுப் போவார். 'இது வீடா மரக்கடையா' என்று ஆரம்பத்தில் சத்தம் போட்ட அவள் கணவர்கூட இப்போதெல்லாம் விருந்தாளிகளைத் தானே அழைத்துப்போய்க் காட்டுகிறார், பாதிக் கதைகளைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு.

ஆனால் நடுச் சுவரில் ஓரிடம் காலியாக இருந்தது. அங்கே மாட்டுவதற்கு வேறு எதையும் அவள் விட்டதில்லை. அப்பாவின் சிவப்பு ரம்பத்துக்கான இடம் அது. அது கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு அடிபட்ட அன்றைக்கே அண்ணன் அதைக் கல்குவாரிக் குட்டையில் வீசிவிட்டான். 'அதை நீ இனிமே பாக்கவே வேணாம் பாப்பா' என்று சொன்னான். எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு அவள் நினைத்தாள், அதன் பிறகும் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

ஏனென்றால் அந்த ரம்பத்தின் பல்லை ராவினது அவள்.

அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிகிற வயது. அப்பாவின் மரம் வெட்டும் குழுவில் அவளைவிட நன்றாக அரம் பிடிப்பவர்கள் கிடையாது என்று அப்பாவே சொல்லுவார். சங்கிலியில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் மரத்தை எவ்வளவு கடிக்கலாம் என்பதற்கு அந்த மேடுதான் கடிவாளம். அதை அளவுக்கு மேல் ராவிவிட்டால் பல் பேராசையாகக் கடிக்கும், ரம்பம் திமிறி ஆளின் மேலேயே எகிறும். அந்த மேட்டை ராவ அப்பா யாரையும் விட்டதில்லை. அன்று முதல் முறையாக அவளிடம் கொடுத்தார். மறுநாள் காட்டில் ரம்பம் எகிறியது. அப்பாவின் இடது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் போனது.

யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. அண்ணன் மட்டும், 'மேடு கொஞ்சம் அதிகமா இறங்கிடுச்சு போல' என்று காண்ட்ராக்டரிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் மரத்தின் பக்கமே போகவில்லை. அப்பாவின் குழுவை அண்ணன் எடுத்து நடத்தினான். அவள் வீட்டில் இருந்து அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், முகச்சவரம் செய்துவிட்டாள், வந்த வரன்களையெல்லாம் தள்ளிப்போட்டாள். அவள் முகம் வாடிக் கிடக்கும் நாட்களில் அப்பா இருக்கிற கையை அவள் தலையில் வைப்பார். 'போனது போச்சும்மா. நீ வேணும்னா செஞ்ச? சின்னப் பொண்ணு, தெரியாம ராவிட்ட. நான் அதை எப்பவோ மறந்துட்டேன்.' அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் அவள் அப்பா செத்த பிறகும் பிழைத்துக் கிடந்தாள். கொட்டகையில் தொங்கிய அத்தனை இரும்பும் அந்த மன்னிப்புக்கு அவள் செலுத்திய நன்றி.

சாயங்காலம் கொட்டகையில் சாக்கைப் பிரித்தாள். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கல்லாக இறுகிப்போன ஒரு கட்டி. ஒரு பக்கம் சுரண்டியதில் சிவப்பு தெரிந்தது. சிவப்பில் எத்தனையோ உண்டு, அதனால் அவள் நிதானமாகத்தான் சுரண்டினாள். கயிற்றின் நுனியில் கைக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் பிடி இல்லை. நடுவில் பள்ளம் செதுக்கி, இரண்டு விரல் உட்காரும்படி தேய்த்த ஒரு மரக்கட்டை. பிடி உடைந்துபோன சமயத்தில் உடைந்த கோடாலிக் காம்பிலிருந்து அவளே செதுக்கி அப்பாவுக்குக் கொடுத்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குட்டைக்குள் கிடந்த ரம்பம் எப்படிக் கரையேறியது என்ற கேள்வி அப்போது அவளுக்கு வரவே இல்லை. வந்ததெல்லாம் பயம். சங்கிலி அதிலேயே இருந்தது. அவள் ராவின சங்கிலி. தான் செய்த பாவத்தை இத்தனை வயதுக்கு மேல் கண்ணால் பார்க்க வேண்டுமா என்று தோன்றியது. எழுந்து போய்விடலாம், விடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். ஆனால் கை அதுபாட்டுக்கு மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைத் தோய்த்துவிட்டது. ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். மேட்டை அளக்கிற சின்னத் தகட்டை எடுத்து முதல் பல்லின் மேல் வைத்தாள். சரியாக இருந்தது. அடுத்ததும் சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சங்கிலியை நகர்த்தி நகர்த்திச் சுற்று முழுவதும் வைத்துப் பார்த்தாள். ஒரு மேடுகூடத் தாழ்ந்திருக்கவில்லை. இன்றைக்கு ராவினாலும் அவளால் அதைவிட நன்றாக ராவ முடியாது.

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே ரம்பத்தைத் திருப்பினாள். அப்படியானால் ஏன் எகிறியது, எகிறினாலும் சங்கிலி ஏன் நிற்கவில்லை? கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பைத் தள்ளிப் பார்த்தாள். ரம்பம் எகிறினால் பிடித்திருக்கும் கை அந்தத் தடுப்பில் இடிக்கும், இடித்த நொடியே சங்கிலி நின்றுவிடும். தினமும் காலையில் அதைத் தள்ளிப் பார்க்காமல் அப்பா வேலையைத் தொடங்க மாட்டார். இப்போது அது அசையவில்லை. துருவாக இருக்கும் என்று அடிப்பக்கம் சுரண்டினாள். அழுக்குக்குள்ளிருந்து கம்பி தெரிந்தது. தடுப்பைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு தரம் மடித்து, சுற்றுக்கு அடியில் செருகி, தடவினால்கூடத் தட்டுப்படாதபடி அமுக்கியிருந்தது.

அவள் தலை நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் ரம்பங்களைத் தாங்கி நின்ற சட்டங்கள் எல்லாம் அண்ணன் கம்பியால் கட்டிக் கொடுத்தவை. எல்லாக் கம்பியிலும் முனை இரண்டு தரம் மடித்துச் செருகியிருந்தது. அவளுடைய துணிக்கொடியிலும் அப்படித்தான், தோட்டத்து வேலிக் கதவிலும் அப்படித்தான். 'முனை நீட்டிக்கிட்டிருந்தா கையக் கிழிச்சிடும் பாப்பா' என்பான். அவள் கை கிழியக்கூடாது என்பதில் அவனுக்குத்தான் எத்தனை அக்கறை.

அண்ணனிடம் போனில் அவள் அதிகம் பேசவில்லை. "புதுசா ஒண்ணு வந்திருக்கு, வந்து பாரு," என்றாள். கருப்புக் கண்ணாடியும் கண்ணுக்கு மேல் பஞ்சுமாக அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினான். டாக்டர் வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். கொட்டகை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மேசையின் மேல் இருந்த சிவப்பைப் பார்த்தான். என்ன மிஷின் என்று அவன் கேட்கவில்லை.

"எங்க கெடச்சுது?" என்றான்.

"குட்டையில போட்டேன்னு சொன்னியே."

அண்ணன் ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தான். வெகுநேரம் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"போடத்தான் எடுத்துட்டுப் போனேன். பாதி வழியில கால் வரல. பழைய இரும்புக்காரன் ஒருத்தன் எதிர்ல வந்தான், சாக்கோட அவன்கிட்ட தள்ளிட்டேன். பிரிச்சுக்கூடப் பாக்கல பாப்பா, தொடவே முடியல."

"கம்பி?"

"அந்தத் தடுப்பு பிரேக் சும்மா சும்மா விழுந்துகிட்டே இருந்துச்சு. கிளை கழிக்கவே விடல. அப்பா அந்தப் பக்கம் போயிருந்தாரு, அவரு வர்றதுக்குள்ள முடிச்சிட்டு அவுத்துடலாம்னு கட்டினேன். திடீர்னு வந்து குடுடான்னு கையில வாங்கிட்டாரு. மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள நுனி கிளையில பட்டு..."

அவளுக்கு இன்னொன்று உறைத்தது. பழைய சாமான் சந்தை என்றால் அண்ணன்தான் அவளை அழைத்துப் போவான். 'நீ டீ குடிச்சிட்டு வா, நான் முன்னால போயி நல்லது ஏதாச்சும் இருக்கான்னு பாத்து வைக்கறேன்' என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடப்பான். ஊரில் உள்ள பழைய இரும்புக்காரர்கள் எல்லோரிடமும் தன் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தான். தங்கச்சிக்காக அண்ணன் படுகிற பாட்டைப் பார் என்று அவள் கடையில் பெருமை பேசியிருக்கிறாள்.

"இதைத் தேடித்தான் முன்னால முன்னால ஓடினியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருக்கிற கிழவனை எங்கே அடிப்பது? தன்னைத் தேற்றிக்கொள்ள அவளுக்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"நல்லவேளை, அப்பாவுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் நெஞ்சு வெடிச்சே செத்திருப்பாரு."

அண்ணன் குனிந்தபடியே இருந்தான். அப்படியே இருந்திருக்கலாம். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் அந்த ஒரு நிமிஷமும் மூடியிருந்திருக்கலாம்.

"தெரியும் பாப்பா," என்றான்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அம்மாவக்கூடக் கேக்கல. என்னைக் குனியச் சொல்லி, கம்பிய அவுத்துட்டியான்னுதான் கேட்டாரு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேம்ப்பான்னு அழுதேன். அவருதான் வாயப் பொத்தினாரு. பிரேக்கக் கட்டினவன்னு தெரிஞ்சா காண்ட்ராக்டர் உன்னை இனிமே காட்டுக்குள்ள விடமாட்டான், என் கையும் போச்சு, குடும்பம் தெருவுல நிக்கவான்னாரு. பாப்பா ராவினதாலன்னே இருக்கட்டும். பொம்பளப் புள்ள, அதை யாரு என்ன கேக்கப்போறாங்கன்னாரு."

அவள் கை தன்னையறியாமல் உச்சந்தலைக்குப் போனது. அப்பாவின் உள்ளங்கை அழுந்திய இடம். நீ வேணும்னா செஞ்ச? சின்னப் பொண்ணு, தெரியாம ராவிட்ட. எத்தனை தரம் சொல்லியிருப்பார். சொல்லும்போது குரல் ஒரு தரமாவது தடுமாறியதா என்று யோசித்துப் பார்த்தாள். தடுமாறியதாக நினைவே இல்லை. அவளிடம் இல்லாத குற்றத்தை முதலில் அவள் மடியில் வைத்துவிட்டு, பிறகு அதையே மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அதற்காகத் தினமும் அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறாள். சுவர் முழுக்க ரம்பங்கள் தொங்கின. அவற்றை ஏறெடுத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லு," என்றான் அண்ணன்.

அவள் ரம்பத்தை மேசையின் மேலேயே இழுத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"அவுத்துவிடு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தான். பஞ்சின் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. நகத்தால் கம்பியைச் சுற்றிச் சுற்றித் தடவினான்.

"கட்டிங் பிளேயர் இருந்தா குடு. வெட்டிடறேன்."

"வெட்டக்கூடாது. கட்டின மாதிரியே அவுத்துவிடு."

மறுபடி குனிந்தான். விரல்கள் கைப்பிடியின் மேல்பக்கம் தேடின, அடிப்பக்கம் தேடின, எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கின, திரும்ப முதலிலிருந்து தேடின. பக்கத்து வீட்டு வண்டி ஒருவழியாகக் கிளம்பித் தெருமுனை திரும்பிப் போனது.

"முனை எங்கருக்குன்னே தெரியலையே பாப்பா."

அவளுக்குத் தெரியும். தொங்குவிளக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே இழுத்து, அவன் கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.