வலப்பக்கமாக ஏறுகிறவர்

ஜூன் மாத மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹமனாகா தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்குள் வந்தார். பின்னால் அவர் மனைவி தமாயோ, ஒரு கையால் கேரியரைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் அவர் தலைக்குக் குடை பிடித்திருந்தார்.

"சுமியெ-சான், இதை யாருக்காவது வித்துக் குடுத்துடுங்க" என்றார் ஹமனாகா.

"ஏன், திரும்பவும் ஓடலையா?"

"ஓடுது. அதுமேல உக்காரத்தான் மனசில்லை."

தமாயோதான் குடையை மடக்கி உதறிவிட்டுச் சொன்னார். "நேத்து சாயங்காலம் படகு கரை தட்டிடுச்சு. பலகை இறக்கியாச்சு. இவரு பொத்தானை அழுத்துறாரு, அழுத்துறாரு, உம்முனு நிக்குது. பின்னாடி மூணு காரு, ஒரு மீன் லாரி. ஒரே ஹாரன். கடைசியில படகுப் பசங்க ரெண்டு பேரு பின்னாடி பிடிச்சு, குழந்தை வண்டி தள்ற மாதிரி இவரைக் கரையில கொண்டாந்து விட்டாங்க. விட்டதும் ஒரே அழுத்து, ஓடுது! இதை என்னான்னு சொல்றது?"

ஹமனாகா காதில் விழாதவர்போலச் சுவரில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒனோமிச்சித் துறைமுகத் தெருவில் என் பட்டறை. எதிர்த்தீவுக்கு ஐந்து நிமிடப் படகு. ஹமனாகாவின் வீடு அங்கே. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். பள்ளிக்கூடம், திருமண மண்டபம், மூலையில் பியானோ தூங்கும் வீடு என்று தீவு தீவாகப் போவார். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலில் நின்று கிக்கரை உதைக்க முடியாது. அதனால்தான் இருபது வயதில், பொத்தானை அழுத்தினால் ஓடும் இந்த நானூறு சிசி வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கினார். பொத்தான் வேலை செய்யாவிட்டால் மற்றவர்களுக்கு அது எரிச்சல். இறங்கி நாலு உதை உதைத்துக்கொள்வார்கள். இவருக்கு அது நடுவழி.

இந்த வருடம் மார்ச்சில் முதல்முறை மக்கர் செய்தது. பேட்டரி பழசு என்று புதிது போட்டேன். மே மாதம் இரண்டாம் முறை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மாற்றி, உள்ளே சுத்தம் செய்து, "இனிமேல் பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்று சிரித்து அனுப்பினேன். மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"விக்கிறதைப் பத்தி அப்புறம் பேசலாம். ஒரு நாள் விட்டுட்டுப் போங்க" என்றேன்.

அன்று வேறு வேலை எதையும் தொடவில்லை. நாற்பது முறை அழுத்தினேன். நாற்பது முறையும் ஓடியது. சூடாக்கிப் பார்த்தேன், ஆறவிட்டுப் பார்த்தேன், தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். காரணத்தோடு கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்துவிடலாம். நம் முன்னால் நல்ல பிள்ளையாக இருக்கும் வண்டியை என்ன செய்வது?

மறுநாள் இருவரும் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தீங்களா, யாராவது கிட்ட வந்தா ஓடுது" என்றார் ஹமனாகா. "நான் தனியா இருந்தாதான் அதுக்குத் திமிரு."

"நம்ம மாப்பிள்ளை மாதிரியே" என்றார் தமாயோ.

"சரி, நிக்கும்போது என்ன சத்தம் வந்துச்சு?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "மார்ச்சிலேயே சொன்னேனே. சத்தமே இல்லைன்னு."

"லேசா ‘டிக்’னு கூடவா?"

"சுமியெ-சான், அடுத்த அறையில ஒரு பியானோ கம்பி மயிரளவு தளர்ந்தா எனக்குக் கேக்கும். ஒண்ணுமே இல்லை. விளக்கு மட்டும் நல்லா பளிச்சுனு எரிஞ்சுது."

எனக்குக் காது சுட்டது. மார்ச்சில் அவர் இதைச் சொன்னது உண்மை. ‘ஓடலை’ என்பதை எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்து, நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பேட்டரி சோர்ந்திருந்தால், பொத்தானுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும், விளக்கு மங்கும். மோட்டார் கெட்டிருந்தால் ரிலே ஒரு ‘டிக்’காவது சொல்லும். விளக்கு பளிச்சென்று எரிந்து, ரிலே வாயே திறக்கவில்லை என்றால், பொத்தானிலிருந்து அதற்குச் செய்தியே போகவில்லை. இரண்டு முறையும் நல்லாயிருந்த ஆளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

பொத்தானைப் பிரித்தேன். உள்ளே தகடு கொஞ்சம் கறுத்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்தேன். ‘இதுதான், கண்டுபிடிச்சாச்சு’ என்று சொல்லி மூடிவிடலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. படகில் இருந்த அழுக்கு, கரைக்கு வந்ததும் எங்கே போயிற்று?

"ஹமனாகா-சான், நீங்க ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்றதை நான் பாக்கணும்."

அவர் முகம் மாறியது. "எல்லாரும் பண்ற மாதிரிதான்."

"அப்படின்னா காட்டுங்களேன்."

"அழுத்துறதுல என்ன இருக்கு காட்ட?"

அப்போதுதான் உறைத்தது: பதினோரு வருடமாக வருகிறார், இவர் வண்டியில் ஏறி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் கேட்பார், இல்லை பழைய துணி கேட்பார். நான் உள்ளே போய்வருவதற்குள் வண்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

"நான் பொண்டாட்டி, நானே திரும்பிக்கிட்டுத்தான் நிக்கணும்" என்றார் தமாயோ. குரலில் கேலி குறைந்திருந்தது. "நாப்பத்திரண்டு வருஷமா கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அதுல எத்தனை அலைன்னு எனக்குத் தெரியும். ஏங்க, டாக்டர்கிட்ட சட்டையைக் கழட்டலையா? இவங்க இந்த வண்டிக்கு டாக்டர். காட்டுங்க."

"டாக்டர்னா வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாங்க" என்று முணுமுணுத்தார்.

"கிரீஸ் கோட்டு போட்டிருக்காங்க. ஏறுங்க."

நான் கதவை இழுத்துச் சாத்தினேன். அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். ஊரெல்லாம் இடப்பக்கம் நின்று வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறும். இவர் வலப்பக்கம் வந்து நின்றார். நல்ல காலை ஊன்றி, வலது கைப்பிடியைத் தன் மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டார். இடது கையால் முழங்காலுக்கு மேலே கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பற்றி, அந்தக் காலை ஒரு பொருளைத் தூக்குவதுபோலத் தூக்கி, சீட்டுக்கு அந்தப் பக்கம் போட்டார். ஒருமுறை தடுமாறினார். நான் அசையவில்லை. உட்கார்ந்தபின் மூச்சு வாங்கியது. வண்டி இன்னும் ஸ்டாண்டில் சாய்ந்தபடியே இருக்க, ஹேண்டில்பாரை இழுத்த இழுப்பில் வைத்துக்கொண்டே கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார்.

சத்தம் இல்லை.

"நின்னுடுச்சு!" என்று கத்தினேன். "அப்படியே இருங்க, அசையாதீங்க, விரலை எடுக்காதீங்க!"

வண்டி ஓடாததற்கு ஒரு மெக்கானிக் இப்படிச் சந்தோஷப்பட்டு தமாயோ பார்த்திருக்க மாட்டார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கோடியிலிருந்து மெதுவாக நடுவுக்குத் திருப்பினேன். பாதி வழியில் ரிலே ‘டக்’ என்றது. இன்ஜின் சீறிக்கொண்டு எழுந்தது. அணைத்துவிட்டு மறுபடி வலது கோடிக்கு: ஊமை. நடுவில்: ஓட்டம். நான் உட்பட எவரும் இந்த வண்டியை நேராக வைத்துத்தான் ஸ்டார்ட் செய்வோம். தள்ளிக்கொண்டு போனால் தானாக நேராகிவிடும். இவர் ஒருவர்தான் முழுக்க வலதுபக்கம் ஒடித்து வைத்து அழுத்துகிறார். அந்தப் பிடி இல்லாவிட்டால் அவரால் ஏற முடியாது.

முன்விளக்கைக் கழற்றினேன். பொத்தானிலிருந்து இறங்கும் மஞ்சள் வயர், ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில், விரலுக்குக் குழைந்தது. தோலைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்து, பச்சைப் பொடி பூத்திருந்தது. நேராக இருக்கும்போது முனைகள் தொட்டுக்கொள்ளும். வலதுபக்கம் ஒடித்தால் பிரிந்துவிடும்.

ஏன் அங்கே அறுந்தது என்பதும் தெரிந்தது. வயர்க் கொத்தை ஒரு பிளாஸ்டிக் பட்டை சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தது. போன அக்டோபரில் ஹேண்டில்பார் பேரிங் மாற்றியபோது போட்ட பட்டை. போட்டது நான்.

இதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். வயர் பழசு என்றால் நம்பியிருப்பார்கள்.

"ஹமனாகா-சான், இது என் தப்பு" என்றேன். "நான்தான் இதை இறுக்கிக் கட்டினேன். நேரா வச்சுக் கட்டினேன், ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாக்கலை. உங்களைப் படகுலேர்ந்து தள்ளிக்கிட்டு வரவேண்டி வந்ததுக்கு நான்தான் காரணம்." தலை குனிந்து நின்றேன்.

அவர் அறுந்த வயரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப வண்டிக்கு வயசாகலை" என்றார்.

"இல்லை."

"நான் இதுக்கும் எனக்கும் சேர்ந்து முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். நேத்து ராத்திரி சாமான் பெட்டியைக்கூட பிரிச்சுட்டேன். கம்பி முறுக்குற சாவியில எதை எந்த ஊரு ஆளுக்குக் குடுக்கலாம்னு." தமாயோ சட்டென்று அவர் முதுகில் கை வைத்தார்.

வயரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரே சொன்னார்: "தப்புப் பண்ணினது நீங்க, நிஜம். ஏறுறதை ஒளிச்சு வச்சது நான். மே மாசமே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

நாலு விரற்கடை கூடுதல் நீளம் விட்டுப் புது வயர் போட்டேன். ஈயம் வைத்து, தளர்வாகக் கட்டி, இரண்டு கோடிக்கும் முப்பது முறை திருப்பிப் பார்த்தேன். மூன்று மணிக்கு அவருக்கு ஒரு மழலையர் பள்ளியில் பியானோ காத்திருந்தது. வாசலில் மழை விட்டிருந்தது. தெருவில் காய்கறிக்காரி நின்றாள், பள்ளிப் பிள்ளைகள் இருவர் போனார்கள். அவர் யாரையும் பார்க்காமல், அவசரப்படாமல், தன் பாணியில் ஏறினார். ஒரே அழுத்து.

தமாயோ என்னோடு நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். "ஒரு மாசத்துக்கு உங்க கடைப்பக்கம் தலை காட்ட மாட்டாரு பாருங்க" என்றார். "வெட்கம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து ஆயில் மாத்தச் சொல்லுவாரு. நீங்களும் ஒண்ணுமே நடக்காத மாதிரி மாத்திடுங்க."

ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. ஹமனாகா.

"பள்ளிக்கூடத்துல ரெண்டு தடவை, பெட்ரோல் பங்குல ஒண்ணு, படகுத்துறையில நாலு. எல்லாம் வலது கோடியில வச்சு" என்றார். "ஏழும் ஓடுச்சு. படகுத்துறையில எதுக்கு நாலுன்னு கேக்காதீங்க. அந்த ரெண்டு பசங்களும் பாத்துக்கிட்டு நின்னானுங்க."