எண்ணிக்கை சரி

விடிகாலை ஐந்தரைக்கே எங்கள் கம்பெனியில் மூக்கு எரியும். பனியனில் ஒட்டிய மெஷின் ஆயில் கறையை, டின்னில் வரும் ஒரு தண்ணீரை ஸ்ப்ரே கன்னால் அடித்து எடுப்பது கியாசுதீனின் வேலை. ஜன்னலில்லாத மூலையில் ஏழு வருஷம் நின்றான். சோற்றுக்கு உட்காருமுன் எல்லோரும் அவனிடம் கையை நீட்டுவோம். அந்தக் கறைத் தண்ணீரையே டின்னிலிருந்து ஊற்றுவான். சோப்புக்குப் போகாத பிசுக்கு நொடியில் போய்விடும். என்ன கெட்டிக்காரத்தனம்! செக்கிங் டேபிளில் நிற்கும் மயிலாளாகிய நானும் அப்படிக் கை கழுவித்தான் சோறு பிசைந்தேன்.

தொண்ணூற்றிரண்டு ஆடியில் அவன் விரலில் ஓர் ஊசி ஏறியது. ஐப்பசி வந்தும் புண் ஆறவில்லை, காய்ச்சலும் விடவில்லை. அவன் மனைவி அமீருன்னிசாவும் நானும் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள்.

"மஜ்ஜை கெட்டுப்போச்சும்மா. வெள்ளணு அங்கதான் உருவாகுது. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு, ஆனா எதுவும் ஒழுங்கா உருவாகலை. புண்ணுல கிருமி நுழைஞ்சா ஓடிப்போய்க் கொல்லணும். இதுங்க போறதில்லை; போனாலும் கொல்றதில்லை. இன்னொரு பெரிய காய்ச்சலைத் தாங்கமாட்டார்" என்றார் டாக்டர். அவன் வேலையை விசாரித்துவிட்டு மேலும் சொன்னார்: "அந்த டின்ல என்ன இருக்குன்னு உடனே பேரைக் கேட்டுட்டு வாங்க."

டின்னில் பேர் ஏது? முதலாளி தண்டாயுதபாணி லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.

மறுநாள் அவர் ரூமில் போய் நின்றேன்.

"அந்தத் தண்ணி பேரை மட்டும் சொல்லுங்க. உசுருங்க."

ரிப்போர்ட்டை வாங்கி விரலை ஓட்டினார். "வெள்ளணு ஏழாயிரம். நார்மல்னு அடிச்சிருக்குது பாரு. ஊட்டுல படுத்துக்க இது ஒரு சாக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எண்ணிக்கை இருந்தா ஆச்சுங்களா? அது வேலை செய்யோணுமில்லீங்க?"

"டாக்டருக்குப் படிச்சியா நீ? அத்தனை பேரும் அதுலதான் கை கழுவறீங்க, யாருக்கு என்ன ஆச்சு? போ, டேபிளுக்கு."

ஆக, நாங்கள் கழுவுவது அவருக்குத் தெரியும்! பேரைச் சுரண்டத் தெரிந்த மனுஷனுக்கு, 'கையில் ஊற்றாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. பாவி!

மதியம் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கையை நீட்டவில்லை. கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன் எழுந்துபோய் டின்னை இறுக மூடினார்.

"நாளைக்கு ஒருத்தரும் லீவு போடக்கூடாது. எல்லாரும் வரோணும், ஆமா."

மறுநாள் விடிந்தது. மெஷின் ஓடவில்லை. தினமும் தலை எண்ணும் முதலாளி அன்றும் எண்ணினார். கியாசுதீனைத் தவிர நாற்பத்தொரு பேரும் அவரவர் இடத்தில் கைகட்டி நின்றோம்.

"எல்லாரும் வந்துட்டீங்களே, அப்புறம் என்ன?"

"எண்ணிக்கை சரிங்களா?" என்றார் ஆத்தப்பன். "டின்னு பேரு வர்ற வரைக்கும் இப்படியேதானுங்க நிப்போம்."

முதலாளி கத்தினார், போலீஸ் என்றார், கதவைக் காட்டினார். ஒருவரும் நகரவில்லை. அவரும் பேரைச் சொல்லவில்லை.

பக்கத்துக் கம்பெனி மதிலுக்கு மேல் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"அக்கா, எங்க டின்னுலயும் பேரில்லீங்க."

"அப்ப எறங்கி வாங்க" என்றேன்.