தலைக்குக் குளித்த கார்

எங்கள் காரின் இஞ்சின் எச்சரிக்கை விளக்குக்கு என்மேல் ஏதோ சொந்தப் பகை. சும்மாவே அந்த மஞ்சள் மூஞ்சியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கோ பின்சீட்டில் மூன்றடுக்குக் கல்யாண கேக். காரும் குலுங்கி, கேக்கும் குலுங்கி, என் குலையும் நடுங்கித்தான் மண்டபம் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டில் கேக் செய்து கொண்டுபோய்க் கொடுப்பது என் பிழைப்பு. சனிக்கிழமை காருக்குத் தகுதிச் சோதனை. விளக்கு எரிந்தால் தேறாது. தேறாவிட்டால் பழைய இரும்புக் கடைதான் என்று கணவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். மூன்றடுக்குக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலா போக முடியும்? மறுபடி எவன் கடையிலாவது நின்று பில் போட வேண்டும்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று அவருடைய கம்ப்யூட்டர் சொன்னதும் ஸ்பார்க் ப்ளக்கை மாற்றினார். அடுத்த தடவை ப்ளக்கின் தலையில் உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினார். அவரிடம் எப்போதும் கூட்டம்; நம் வண்டி இரண்டு நாள் வெயிலில் நின்ற பிறகுதான் முறை வரும். அங்கிருந்து சமர்த்தாகத் திரும்பும். வீட்டில் நாலு நாள் இருந்தால் மறுபடி பல்லைக் காட்டும். இந்த வீட்டு ராசி அப்படி என்று கணவர் சிரித்தார். அன்று அவருக்குக் காபி கிடையாது.

வியாழக்கிழமை மறுபடி மெக்கானிக்கிடம் போக வேண்டும். விடிந்ததும் சாவியோடு இறங்கினால், என் மாமனார் காரின் முன்மூடியைத் திறந்து வைத்து, இஞ்சினுக்குள் ஹோஸ் பைப்பைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார். ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து காரைக் கழுவுவது அவர் பொறுப்பு. வெளியேதான் கழுவுகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"நாலு பேர் பாக்குற எடத்துக்குப் போகுது. அழுக்கா அனுப்பலாமாம்மா?" என்றார்.

டாக்டரிடம் போவதற்கும் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொள்கிற குடும்பம் இது. எனக்குப் பொறி தட்டியது. அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓட்டினேன். வழியெல்லாம் வண்டி இருமியது. குளியல் கதையைச் சொல்லி, முறையாவது கிறையாவது, காய்வதற்குள் இப்போதே திறங்கள் என்று மெக்கானிக்கிடம் சண்டை பிடித்தேன். அவர் மூன்றாவது காயிலை உருவினார். நுனியில் தண்ணீர் சொட்டியது. ப்ளக் இருக்கும் குழிக்குள் குளமே கட்டியிருந்தது. மேலே இருந்த ரப்பர் வளையம் கிழிந்திருந்ததாம். இத்தனை நாள் வெயிலில் காய்ந்த பிறகே பார்த்ததால் ஏமாந்தாராம். சொல்லிவிட்டு, சிரிப்புத் தாங்காமல் டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் சிரிப்பு பீறிட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"நானாம்மா கெடுத்தேன்? கேக்கு போற வண்டியாச்சேன்னுதான்..."

வழியெல்லாம் திட்டுவதற்குச் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாகிவிட்டது.

"தெனமும் தலைக்குக் குளிப்பாட்டினா யாருக்குத்தான் ஜலதோஷம் பிடிக்காது, மாமா?" என்றேன்.

ரப்பர் வளையம் மாற்றி, குழியைக் காயவைத்து, விளக்கை அணைத்துக் கொடுத்தார் மெக்கானிக். கோளாறு போய்விட்டதென்று காரின் கம்ப்யூட்டர் நம்பும்வரை ஓட்டுங்கள் என்றார். ஓட்டினேன் பாருங்கள்! கடைக்கு, தோழி வீட்டுக்கு, ஒன்றுமில்லாமல் தெருவைச் சுற்றி. விளக்கு கண் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சினேன், தனியாகப் பாடினேன், பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டிமேல் புழுதி ஏற ஏற, மாமாவின் முகம்தான் வாடிக்கொண்டே போனது. வாளியைத் தொடவே இல்லை.

சனிக்கிழமை அவரும் பின்சீட்டில் வந்தார். சோதனை அதிகாரி வண்டியைக் கிளப்பி, மீட்டர் பலகையைப் பார்த்தார். இருட்டு. என்ன அழகான இருட்டு! பிறகு முன்மூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு பழைய வண்டியில இப்படி ஒரு சுத்தமான இஞ்சின நான் பாத்ததே இல்ல. யாருங்க பாத்துக்கறது?"

"எங்க மாமாதான்," என்றேன், அந்த ஷெட்டுக்கே கேட்கும்படி.

மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வண்டி தேறியது. வீடு வரும்வரை காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் இறங்கியதும் அவர் புழுதியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மூடியத் தொறக்கவே மாட்டேம்மா. வெளிய மட்டும் கழுவட்டுமா?"

நானே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.